தாத்தாவின் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கி மேகசினில் விழுந்த சொட்டை

நண்பரே, கீழே விழுந்து பக்கவாட்டில் சொட்டையான பத்துக் குண்டு மேகசின்தானே, அதாவது துப்பாக்கியில் குண்டுகளை அடுக்கும் பெட்டி? சரி, பயப்படாதீர்கள், அது வெறும் எஃகுத் தகடு. குண்டு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும், குண்டுகளை மேலே தள்ளும் தட்டையும் கழற்றுங்கள். உள்ளளவுக்குக் கெட்டியான மரக்கட்டை ஒன்றைச் சற்றுக் கூம்பாக இழைத்து, மெல்ல உள்ளே தட்டி இறக்குங்கள். சொட்டை பெரும்பாலும் அதிலேயே எழும்பிவிடும். மீதியை, கட்டை உள்ளே இருக்கும்போதே, வெளியே சுற்றிலும் மேடேறிய இடங்களில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். குண்டுகளைப் பிடித்து நிறுத்தும் மேல்விளிம்பு உதடுகளைத் தொடவே வேண்டாம். அவை வளைந்தால் குண்டு சிக்கும். சூடு காட்டாதீர்கள். நான் ஒருமுறை காட்டி, பழைய கருநீலப் பூச்சையே தொலைத்தேன். லேசான கோடு மிஞ்சினால் விட்டுவிடுங்கள், அதுவும் தாத்தா காலத்துத் தழும்பு மாதிரி இருக்கட்டுமே. அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய்.