மழை ஊரில் குட்டிக் கார்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1:18 அளவு (நிஜக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு) போர்ஷே 911 குட்டிக் கார் ஒன்றை, தூசி படக்கூடாதென்று வந்த பெட்டியிலேயே, சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளோடு பீரோவில் வைத்திருந்தேன். கார்த்திகை மழை முடிந்து திறந்தால் கூரை முழுக்கப் பொடிப்பொடியாகக் கொப்புளம். துருவா சார் இது? அந்துருண்டை போட்டிருந்தால் தப்பித்திருக்குமா?
– வாசகர், குன்னூர்

பதில்: அந்துருண்டை போடாமல் விட்டீர்களே, அதுவரை நல்லது. அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், காரின் ஜன்னலும் விளக்கும் பிளாஸ்டிக்தானே. இது துருவும் இல்லை. டைகாஸ்ட் கார் உடல் என்பது துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம், செம்பு, மெக்னீசியம் சேர்த்து உருக்கி வார்த்தது. துருப்பிடிப்பதெல்லாம் அடியில் உள்ள ஸ்க்ரூவும் சக்கரக் கம்பியும்தான். பெயிண்ட்டோடு ஒட்டிக் கிடந்த தாளுக்கு அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு, போக வழியில்லாமல் நின்றிருக்கும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, ஐப்பசியில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பெட்டியை விட்டு எடுக்காதே என்று சொல்பவர்கள் ஒரு மழைக்காலம் இங்கே வந்து இருந்து பார்க்கட்டும்.

வந்த கொப்புளம் இறங்காது, மறுபடி பெயிண்ட் அடித்தால்தான் உண்டு. நானாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன். மற்ற கார்களைப் பாருங்கள். தாள், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தை மாசியில் காய்ந்த நாளாகப் பார்த்து நிழலில் காற்றாட வைத்து, அப்புறம் கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால், எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். துணி பீரோவில் குண்டு பல்பு எரியவிடுவது போல இதற்கும் செய்யலாம், கார் பக்கத்தில் வேண்டாம், அடித்தட்டில் மாட்டுங்கள். எல்ஈடி பல்பை மாட்டிவிட்டு ஈரம் போகவில்லையே என்று எழுதாதீர்கள், அதில் அந்தச் சூடு வராது!

உடலிலேயே விரிசல் விட்டு, கதவு வளைந்து மூடாமல் போனால் அது வேறு வியாதி. கலவையில் ஈயம் கலந்திருந்தால் வார்ப்பு உள்ளிருந்தே நொறுங்கும். 1930களின் பொம்மைக் கார்களில் இது சகஜம், புதியவற்றில் குறைவு, வந்துவிட்டால் மருந்து கிடையாது.

கேள்வி: ஹாட் வீல்ஸ் குட்டிக் கார்களை அட்டையோடு வைப்பதா, பிரிப்பதா? அதில் அரிதாகக் கிடைக்கும் சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் ரகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– கல்லூரி மாணவர், ஊட்டி

பதில்: விற்கிற எண்ணம் இருந்தால் மட்டும் அட்டையோடு வையுங்கள் தம்பி. ஆடி மழையில் அட்டை நெளிந்து பூஞ்சை பிடித்தால் விலை போச்சு. இல்லையென்றால் பிரித்து, கையில் எடுத்துப் பார்த்து ரசியுங்கள், அதற்குத்தானே வாங்கினோம். 2007 முதல் சூப்பர் தனி ரகமாக வருகிறது: ரப்பர் டயர், கண்ணாடி போல மினுக்கும் பெயிண்ட், காரின் மேல் 'டிஎச்' என்ற எழுத்து. சாதாரண ட்ரெஷர் ஹன்ட்டில் தீச்சுடர்ச் சின்னம் மட்டும் இருக்கும். ரப்பர் டயரை மாற்றிப் போட்டு விற்கிறவர்களும் உண்டு, டயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: வீடு சின்னது. எந்த அளவில் தொடங்கலாம்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: 1:64. நான்கரை மீட்டர் கார் அதில் 7 சென்டிமீட்டர்தான், 1:18 என்றால் 25. ஜன்னலோரம் மட்டும் அடுக்காதீர்கள், மலை வெயிலில் சிவப்பு சீக்கிரம் வெளுக்கும்.