இந்தியாவில் மனச்சோர்வு யாருக்கு அதிகம் வருகிறது?

ஏழைகளுக்குத்தான் மனச்சோர்வு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வறுமைக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை. 2015-16இல் பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதற்கு ஆளாகிறார். பெண்கள், நாற்பதுகளில் இருப்பவர்கள், பெருநகரவாசிகளிடம் கூடுதல்.

நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மாமியாருக்கு மருந்து, பிள்ளைக்குப் பரீட்சை, தலைக்கு மேல் கடன். விடிகாலை மூன்று மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமே வராது. இது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். வீட்டிலோ 'டென்ஷன்' என்று விட்டுவிடுவார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

இன்னொன்று: கடன் சோர்வைத் தரும், சோர்வு வேலையைக் கெடுத்துக் கடனைக் கூட்டும். எது முதலில் வந்தது என்று ஒரே ஒரு கணக்கெடுப்பை வைத்துச் சொல்ல முடியாது.