‘பழகிவிட்டது’ என்று தோன்றுகிறதா?

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை இரவில் பார்த்துக்கொள்வதால், ஆறு மாதமாக நான்கைந்து மணி நேரத் தூக்கம்தான். முதல் வாரம் தள்ளாடினேன், இப்போது பழகிவிட்டது. ஆனால் பில் போடுவதில் தப்பு வருகிறது என்று முதலாளி அடிக்கடி திட்டுகிறார். இரண்டு தடவை சரிபார்த்துத்தான் அனுப்புகிறேன். அவருக்கு என்மேல் ஏதாவது கோபமா, டாக்டர்?
- வாசகி, திருப்பூர்

பதில்: கோபமாக இருக்காது அம்மா. தப்பு வருகிறது, அது உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். உங்கள் கவனக்குறைவு என்று இதைச் சொல்ல மாட்டேன். நானே அப்படி இருந்தவன்.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது, தொடர்ந்து 30 மணி நேரம் டியூட்டி பார்த்த ஒரு விடியற்காலையில், ஒரு குழந்தைக்கு 2.5 மில்லி மருந்து எழுத வேண்டிய இடத்தில் 25 என்று எழுதிவிட்டேன். நர்ஸ் அக்கா சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். பார்த்தேன். “சரியாத்தானே இருக்கு” என்றேன். “வாய்விட்டுப் படிங்க, டாக்டர்” என்றார். படித்தபோதுதான் உடம்பு வியர்த்தது. அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை நான் தெளிவாக இருப்பதாகவே நம்பினேன்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. ஆரோக்கியமான 48 பேரில் ஒரு பிரிவினரை இரவுக்கு 4 மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள், 14 நாட்கள். திரையில் எண் தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், சோதனை அவ்வளவு எளிது. நாள் ஏற ஏறத் தவறவிட்டது கூடிக்கொண்டே போனது. கடைசியில் இரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். “தூக்கமாக இருக்கிறதா?” என்று கேட்டால் மட்டும், முதல் சில நாட்களுக்குப் பிறகு பதில் பெரிதாக மாறவில்லை. லேசான அசதி என்றுதான் சொன்னார்கள். 6 மணி நேரம் தூங்கியவர்களுக்கும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக.

நீங்கள் சொல்லும் ‘பழக்கம்’ இதுதான். அசதி தெரிவது நின்றுவிட்டது, அசதி நிற்கவில்லை. தப்பு செய்த உடனே, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், மூளையில் ஒரு மின்சமிக்ஞை எழும். தூக்கம் கெட்டால் அது மங்குவதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். தப்பு செய்த மூளையே சரிபார்க்கவும் செய்தால், இரண்டு தடவை என்ன, நான்கு தடவை பார்த்தும் பயனில்லை.

அதனால் பெரிய தொகை உள்ள பில்களை வேறொருவர் பார்க்கட்டும். ஆள் இல்லையென்றால் எண்களை வாய்விட்டுப் படியுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிடம் கண்மூடினாலும் கொஞ்சம் உதவும். காபி கொஞ்ச நேரம் தாங்கும், தூக்கத்துக்கு ஈடாகாது. கண் சொருகும் நாளில் தயவுசெய்து வண்டி ஓட்டாதீர்கள், பஸ்ஸில் போங்கள்.

அப்புறம், அப்பாவை எல்லா இரவும் நீங்கள் ஒருவரே ஏன் பார்க்க வேண்டும்? கூடப் பிறந்தவர்களோ சொந்தத்தில் யாரோ இருந்தால், வாரத்தில் இரண்டு இரவாவது வந்து இருக்கச் சொல்லிக் கேளுங்கள். முதலாளியிடமும் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுங்கள். அவருக்கு இது தெரியாமலே இருக்கலாம்.