“உன்னை மாதிரி ஆனா என்னம்மா தப்பு?”

மேடம், நான் பேரணாம்பட்டு. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோல், தைக்கிறேன். மகள் எட்டாவது. கணக்கில் 22 மார்க் வாங்கிய பேப்பரை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். வகுப்பில் கையே தூக்குவதில்லையாம். டீச்சர் மார்க் வரிசைப்படி உட்காரவைக்கிறார், அதுதான் காரணம். என் நாத்தனார் வேறு, தன் மகளைக் கூட்டிவந்து இவள் எதிரில் இங்கிலீஷ் பேசவைக்கிறார். நான் ஒருநாளும் திட்டியதில்லை. “நீ மூளைக்காரி, கலெக்டர் ஆவே” என்றுதான் சொல்வேன். காலையில் கம்பெனி வேன் ஏறும்போதுகூட, “நல்லா படி, என்னை மாதிரி ஆயிடாதே” என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். ஒருநாள் “உன்னை மாதிரி ஆனா என்னம்மா தப்பு?” என்றாள், சின்னப் பிள்ளை, ஏதோ பேச்சு. எல்லாம் அந்த டீச்சரால்தான். பள்ளியை மாற்றிவிடலாமா?

– ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

மார்க் வரிசையில் உட்காரவைப்பது தப்புதான். நேரில் போய்ச் சொல்லுங்கள். நாத்தனாரை விடுங்கள், எல்லா வீட்டிலும் ஒருத்தர் உண்டு.

‘ஏதோ பேச்சு’ என்று தள்ளிவிட்டீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். அவள் நிஜமாகவே கேட்டிருக்கிறாள். நீங்கள் பதில் சொல்லாமல் வேன் ஏறிவிட்டீர்கள்.

திட்டியதே இல்லை என்கிறீர்கள். தினமும் காலையில் உங்களைத் திட்டிக்கொள்கிறீர்கள், அவள் காதுபட. தன் அம்மாவே ஒன்றுக்கும் ஆகாதவள் என்றால், அந்த அம்மா வயிற்றில் பிறந்தவள் தன்னை என்னவென்று நினைப்பாள்?

‘மூளைக்காரி’யும் உதவவில்லை. 1998ல் மியூலர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். புத்திசாலி என்று பாராட்டு வாங்கிய பிள்ளைகள் கஷ்டமான புதிரில் தோற்றதும் துவண்டார்கள். தங்கள் மார்க்கைப் பொய்யாகக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். முயற்சிக்காகப் பாராட்டு வாங்கியவர்கள் விடாமல் போட்டுப் பார்த்தார்கள். மூளைக்காரி 22 எடுக்கக் கூடாதே, அதனால்தான் பேப்பர் அரிசி டின்னுக்குப் பின்னால் போனது.

பள்ளி மாற்றம் இப்போது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து உங்கள் வேலையைச் சொல்லுங்கள். தோலில் தையல் தப்பினால் பிரித்தாலும் ஊசி ஓட்டை போகாது, இல்லையா? சேர்ந்த புதிதில் எத்தனை வீணாக்கினீர்கள், சூப்பர்வைசரிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள், கை எப்படிப் படிந்தது, எல்லாம் சொல்லுங்கள். அப்புறம் அந்தக் கணக்குப் பேப்பரை எடுங்கள். எங்கே சிக்கியது என்று அவளே உங்களுக்கு விளக்கட்டும்.

அவள் கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு என்ன சொல்வதென்று நான் எழுதித்தரப் போவதில்லை, அம்மா.