புகைபோக்கியோரக் கசிவு: ஷிங்கிள் கூரை குறித்த கேள்வி பதில்

கேள்வி (ஸ்கார்பரோ): ஐயா, புகைபோக்கியின் ஓரத்தில் மழைநீர் கசிகிறது. கூரைமேல் வரிசையாக வேய்ந்த தார் அட்டைகளான ஷிங்கிள்களைக் கிழிக்காமல், புகைபோக்கியும் கூரையும் சேரும் இடத்தில் நீர் புகாமல் தடுக்கும் ஃபிளாஷிங் தகடுகளை மாற்ற இயலுமா?

பதில்: இயலும், ஆனால் நேரம் பார்த்து ஏறுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஒவ்வொரு ஷிங்கிளும் கீழ்வரிசையோடு ஒரு தார்ப்பட்டையால் ஒட்டியிருக்கும். உச்சி வெயிலில் அந்தத் தார் இளகி இழுபடும், மிதிக்கும் இடமெல்லாம் மேற்பரப்பின் சிறு கல்மணிகள் உதிரும். கடுங்குளிரிலோ ஷிங்கிள் அப்பளம்போல் ஒடியும். ஆகவே பத்துப் பதினைந்து டிகிரி செல்சியஸ் உள்ள காலை வேளையில், தட்டையான நெம்புகோலை ஒட்டுக்கு அடியில் செருகி, மேலே தூக்காமல் பக்கவாட்டில் நகர்த்திப் பிரியுங்கள். ஒரு ஷிங்கிளைக் கழற்ற அதன் ஒட்டை மட்டும் பிரித்தால் போதாது. மேல்வரிசையின் ஆணிகள் அதன் மேல்விளிம்பையும் துளைத்துச் செல்வதால், அதற்கு மேலுள்ள இரண்டு வரிசைகளின் ஒட்டையும் பிரித்து, அதன் சொந்த ஆணிகளையும் அடுத்த மேல்வரிசையின் ஆணிகளையும் பிடுங்கிய பிறகே அது தானாக வழுக்கி வரும். இதை அறியாமல் வெடுக்கென்று இழுப்பவர்களே கிழிக்கிறார்கள்.

கேள்வி (பிராம்ப்டன்): முன்பு குடியிருந்தவர் ஓரமெங்கும் தார்ப்பசை பூசியிருக்கிறார். அதன் மேலேயே இன்னொரு பூச்சுப் பூசலாமா?

பதில்: வேண்டாம். கூரை மரத்தாலானது, புகைபோக்கி செங்கல்லாலானது; இரண்டும் தனித்தனியே அசைவதால் எந்தப் பூச்சும் சில பருவங்களில் வெடித்துவிடும். அதனால்தான் தகடுகளும் இரண்டு அடுக்காக அமைகின்றன. வரிசைக்கு ஒன்றாக மடித்த தகடுகள், மேலது கீழதன்மேல் இரண்டு அங்குலமாவது ஏறும்படி, கூரைப் பலகையில் மட்டும் ஆணியடிக்கப்பட வேண்டும். அவற்றை மூடும் மேல்தகட்டைச் செங்கல் இடுக்கின் சாந்தில் ஏறத்தாழ ஓர் அங்குல ஆழம் வெட்டிச் செருக வேண்டும். தார்ப்பசைக்கு ஒரே வேலைதான் உண்டு: பிரித்த ஷிங்கிளைத் திரும்ப ஒட்ட, நாணய அளவில் மூன்று நான்கு பொட்டுகள். அள்ளிப் பூசினால் அதிலுள்ள கரைப்பான் ஷிங்கிளையே கொப்புளிக்கச் செய்யும்.

கேள்வி (மார்க்கம்): அலுமினியத் தகடு போதுமா?

பதில்: சாந்தைத் தொடும் இடத்தில் வெறும் அலுமினியம் ஆகாது, ஈரச் சாந்தின் காரம் அதை அரித்துவிடும். வண்ணம் பூசிய எஃகுத் தகடு நல்லது.

கேள்வி (ஸ்கார்பரோ): எல்லாம் மாற்றியும், கூரைச் சரிவில் புகைபோக்கிக்கு மேல்பக்கத்தில் நீர் தேங்குகிறதே?

பதில்: புகைபோக்கியின் அகலத்தை அளந்து பாருங்கள். 30 அங்குலத்துக்கு மேல் இருந்தால், அங்கே நீரை இருபுறமும் பிரித்துவிடும் சிறு முகட்டுக் கூரை வேண்டும். அதற்குப் பலகை வேலை தேவைப்படும் என்பதால், தச்சரை அழையுங்கள்.