டிரெய்லர் கான்கிரீட் பம்பில் உதவியாளாகச் சேரும் தம்பிக்கு என்ன சொல்லி அனுப்பலாம்?

பிளஸ் டூ முடித்த தம்பி, கான்கிரீட் பம்ப் வைத்திருக்கும் ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்திருக்கிறான், வேலை பாலக்காட்டுப் பக்கம், ஆபத்தானதா, என்ன சொல்லி அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்களில் ஒருவர் ஹெல்மெட் போடச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் அவனைக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். வீட்டில் அதற்கு வசதி இருந்தால் நீங்கள் ஏன் இங்கே வந்து இந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறீர்கள்?

நான் பொறியாளன் இல்லை. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊர்க்காரன். ரேஷன் அட்டை கேரளம், பள்ளியில் படித்தது தமிழ். கஞ்சிக்கோடு, பாலக்காடு, பொள்ளாச்சி, கோவை என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் பல வருடங்களாகப் பம்ப் ஓட்டுகிறேன். லாரியின் மேல் கை நீட்டி நிற்கும் பூம் பம்ப் எனக்குப் பழக்கமில்லை. அதைப் பற்றி இங்கே ஒரு வரியும் எழுதப்போவதில்லை. நான் சொல்வது, இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, குழாய் மாட்டி, மாடிக்கு அடிக்கும் டிரெய்லர் பம்ப்.

முதலில் அந்தக் குழாயைப் பற்றித் தம்பிக்குச் சொல்லுங்கள். உள்விட்டம் 125 மில்லிமீட்டர், ஒரு குழாய் மூன்று மீட்டர். காலியாக இருக்கும்போதே தோள் வலிக்கும். உள்ளே கான்கிரீட் நிறைந்துவிட்டால் கலவை மட்டுமே ஏறக்குறைய 88 கிலோ. ஐந்து குழாய் நட்டுக்குத்தாக நின்றால், இயந்திரத்தை அணைத்த பிறகும் கீழே இருக்கும் பெண்டின், அதாவது வளைவுக் குழாயின் மேல் 400 கிலோவுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இது வெறும் எடைக் கணக்கு. பம்ப் தள்ளும்போது குழாய்க்குள் 50 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 50 மடங்கு அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், குழாய் வாய் அளவுள்ள வட்டத்தின் மேல் ஆறு டன்னுக்கு மேல் விசை விழுகிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு குழாய் சேரும் மூட்டில் இருக்கும் ஒரு ரப்பர் வாஷரும், அதைச் சுற்றி இறுக்கும் ஒரு கிளாம்பும். அந்தக் கிளாம்பைத்தான் லைன் ஜாம் ஆனால், அதாவது குழாய் அடைத்துக்கொண்டால், உடனே சுத்தியலால் தட்டிக் கழற்றச் சொல்லிப் புதுப் பையனை அனுப்புகிறார்கள். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது இதனால்தான்.

கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு நான்கு மாடிக் கட்டடம். யாருடையது என்பது வேண்டாம். தை மாதம். அந்த மாதங்களில் எங்கள் பக்கம் அடிக்கும் காற்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மேற்கு மலைத் தொடர் இங்கே 30 கிலோமீட்டர் அளவுக்கு விலகி வழி விட்டிருப்பதால், கிழக்கிலிருந்து வறண்ட காற்று கணவாய் வழியாக நாள் முழுக்க வீசும். உதடு வெடிக்கும். மிக்ஸர் லாரியில் நன்றாகக் குழைவாக வந்த கலவை, குழாயில் கொஞ்ச நேரம் நின்றாலே இறுகத் தொடங்கும். அதற்காக நான் குழாய்களின் மேல் நனைத்த கோணிச் சாக்குப் போட்டு வைப்பேன். அன்றும் போட்டிருந்தேன். அடுத்த லாரி வருவதற்கு நேரமானது. வந்த பிறகு நாலைந்து ஸ்ட்ரோக், அதாவது பம்பின் நாலைந்து தள்ளல் போயிருக்கும். அழுத்தமானியின் முள் விறுவிறுவென்று ஏறிச் சிவப்புக் கோட்டை ஒட்டி நின்றுவிட்டது. மேலே ஒன்றும் வரவில்லை என்று கத்துகிறார்கள்.

ஜாம் எங்கே என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் அடைப்பு வரைக்கும் குழாய் உதறும், அதற்கு அப்பால் அசையாது. மூன்றாவது மாடியைத் தாண்டி உள்ள பெண்டில் உதறல் நின்றது. அதற்கு முந்தைய மூட்டில் சிமெண்ட் பால் கசிந்து குழாயின் அடியில் கோடாக வழிந்து காய்ந்திருந்தது. அவ்வளவுதான், விஷயம் அங்கே முடிந்துவிட்டது. வாஷர் தேய்ந்து பால் வெளியே போனால் உள்ளே ஜல்லி மட்டும் மிஞ்சும். பால் இல்லாத ஜல்லி நகராது.

சூப்பர்வைசர் இளைஞர், எர்ணாகுளத்துக்காரர். படித்தவர், கெட்டவர் இல்லை. ஸ்லாப் பாதியில் நின்றால், இறுகிய பழைய கான்கிரீட்டும் புதியதும் சரியாக ஒட்டாமல் நடுவே இணைப்பு விழும் என்ற பயம் அவருக்கு. நான் கீழே பம்புக்குத் திரும்புவதற்குள் ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒரு பையனிடம் சுத்தியலைக் கொடுத்து ஏற்றிவிட்டார். அவனுக்கு மலையாளமும் தெரியாது, தமிழும் தெரியாது. கையைக் காட்டிய இடத்துக்குப் போனான். நான் பார்க்கும்போது கிளாம்பின் பின்னை உருவிவிட்டு, முகத்தை மூட்டுக்கு நேராக வைத்துக் குனிந்திருக்கிறான். முள் இன்னும் மேலேயே நிற்கிறது.

அவசர நிறுத்தத்தை அடித்தேன். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையனைக் கையைக் காட்டிக் கீழே இறக்கினேன்.

"சேட்டா, என்ன செய்கிறீர்கள்? லாரி நிற்கிறது, ஸ்லாப் நிற்கிறது" என்றார் சூப்பர்வைசர்.

"சாரே, ஆள் எல்லாம் இறங்கட்டும். பின்னை மறுபடி மாட்டட்டும். அதுவரை சாவி என்னிடம்தான் இருக்கும்."

"இயந்திரத்தைத்தான் அணைத்துவிட்டீர்களே, இனி என்ன?"

இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இயந்திரத்தை அணைத்தால் குழாய்க்குள் அழுத்தம் போய்விடாது. அடைப்புக்கும் பம்புக்கும் நடுவே அது சிக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். அதை வெளியே எடுக்க ஒரே வழி ரிவர்ஸ், பம்பைப் பின்னோக்கி ஓட்டுவது. முதலில் பம்பில் கலவை கொட்டும் தொட்டியான ஹாப்பரில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், திரும்பி வரும் கலவைக்கு இடம் வேண்டும் இல்லையா? பிறகு இரண்டு மூன்று ஸ்ட்ரோக் பின்னால் இழுத்து, ஹாப்பரில் கலக்கவிட்டு, மெதுவாக முன்னால் ஒரு முறை தள்ளிப் பார்க்க வேண்டும். பாதி ஜாம் இதிலேயே விட்டுவிடும். அன்று விடவில்லை. மறுபடியும் ரிவர்ஸ் போட்டு, முள் கீழே விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, இயந்திரத்தை அணைத்து, சாவியோடு நானே மேலே போனேன். பெண்டுக்குப் பிந்தைய குழாய்களைக் கயிறு கட்டித் தாங்க வைத்தோம். மூட்டின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, பக்கவாட்டில் நின்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கிளாம்பைக் கொஞ்சமாகத் தளர்த்தினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், சாக்கு உப்பித் தணிந்தது. ரிவர்ஸ் போட்ட பிறகும் அவ்வளவு மிச்சம் இருந்தது. பெண்டைக் கழற்றினால் உள்ளே பால் ஒட்டாத முக்கால் இஞ்ச் ஜல்லி, பொரி உருண்டை மாதிரி இறுகி உட்கார்ந்திருக்கிறது.

வாஷரை மாற்றினோம், மாட்டினோம். அடுத்த சண்டை அதற்குப் பிறகு. ஸ்லாப்பில் இரண்டு பேர் லைனின் கடைசியில் மாட்டியிருக்கும் ரப்பர் ஹோஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்கிறார்கள். லைனைத் திறந்து மூடினால் உள்ளே காற்று புகுந்திருக்கும். பின்னால் வரும் கலவை அந்தக் காற்றை அழுக்கிக்கொண்டே வந்து, வாய்க்கு வந்ததும் விடும். ஹோஸ் அப்போது துள்ளும். அதனால் முதல் முறை தொடங்கும்போதும், ஜாம் எடுத்துத் தொடங்கும்போதும் ஹோஸின் நீளத்துக்கும் கூடுதலாக ஆள் விலகி நிற்க வேண்டும். கலவை சீராக ஓடத் தொடங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். அவர்கள் விலகும் வரை நான் பொத்தானைத் தொடவில்லை. சூப்பர்வைசர் கைபேசியில் யாரிடமோ என்னைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். பம்ப் தொடங்கியது, ஹோஸ் இரண்டு முறை இருமியது, மூன்றாவதில் எகிறிப் புரண்டு, சற்று முன்பு அந்த இருவரும் நின்ற இடத்தில் கிடந்த வைப்ரேட்டர் மோட்டாரைக் கவிழ்த்துவிட்டு அடங்கியது. யாரும் ஒன்றும் பேசவில்லை. பையன்கள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஸ்லாப் இருட்டிய பிறகு முடிந்தது. இணைப்பு எதுவும் விழவில்லை. அடுத்த வேலைக்கு அந்த ஒப்பந்ததாரர் வேறு ஆபரேட்டரை அழைத்துக்கொண்டார். போகட்டும். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், பெருமையும் இருக்கிறது.

"இவன் பொறியாளர்களைக் குறை சொல்லவே எழுதுகிறான்" என்று யாராவது வருவார்கள். இல்லை ஐயா. தட்டிக் கழற்று என்று சொன்ன ஆபரேட்டர்களையும் பார்த்திருக்கிறேன், நிறுத்து என்று சொன்ன பொறியாளர்களையும் பார்த்திருக்கிறேன். அவசரப்படுகிறவர் யாராக இருந்தாலும் சாவி அவர் கையில் இருக்கக் கூடாது என்கிறேன்.

தம்பிக்கு ஆரம்பத்தில் கொடுக்கப்போகும் வேலை ஹாப்பர் பக்கத்தில்தான் இருக்கும். அங்கே ஒரு விஷயம். மேலே இருக்கும் கம்பிச் சட்டத்தில் பெரிய கல்லோ காய்ந்த கட்டியோ மாட்டிக்கொள்ளும். கையால் எடுக்கத் தோன்றும். சட்டத்துக்குக் கீழே கலக்கி சுற்றுகிறது. அதற்கும் கீழே எஸ் வடிவ வால்வு, கலவையைத் தள்ளும் இரண்டு சிலிண்டர்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண் இமைக்கும் நேரத்தில் தாவுகிறது. அதற்கான விசையை அக்யுமுலேட்டர் என்ற உருளை நைட்ரஜன் வாயு அழுத்தத்தில் சேர்த்து வைத்திருக்கும். ஆகவே இயந்திரம் அணைந்த பிறகும் வால்வு ஒருமுறை தாவக்கூடும். அக்யுமுலேட்டர் அழுத்தத்தைத் திறந்துவிட்டு, அதன் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் ஹாப்பருக்குள்ளோ, அந்தச் சிலிண்டர்களுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்ப் பெட்டிக்குள்ளோ கை போக வேண்டும். சட்டத்தைத் தூக்கினால் கலக்கி தானாக நிற்கும்படி சுவிட்ச் வைத்திருப்பார்கள். வேலை தடைப்படுகிறது என்று அதைக் கம்பி போட்டுக் கட்டிவைத்திருக்கும் பம்ப் என்றால், தம்பியை அன்றைக்கே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கலவை கலக்கியின் தண்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதும் அவன் பொறுப்பாக இருக்கும். இறங்கினால் பம்ப் காற்றை விழுங்கும், மேலே ஹோஸ் பிடித்திருப்பவனுக்கு அது போய்ச் சேரும்.

குழாய் தேய்வதை யாரும் கவனிப்பதில்லை. பெண்டின் வெளிவளைவு முதலில் மெலியும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் மெலிந்த இடத்தின் சத்தம் பழகிய காதுக்குத் தெரியும். அழுத்தம் பம்ப் அருகில்தான் அதிகம், அதனால் நல்ல குழாய்கள் அங்கே, பழையவை கடைசியில். பல இடங்களில் கைக்குக் கிடைத்த வரிசையில் மாட்டுகிறார்கள். எங்கள் பக்கம் வயலை மண் போட்டு நிரவிய மனைகள் ஏராளம். பம்பின் கால்களுக்கு அடியில் கனமான பலகை போடாவிட்டால் மதியத்துக்குள் ஒரு பக்கம் இறங்கிவிடும், முதல் மூட்டு இழுபடும்.

மாலையில் கழுவும்போது ஸ்பான்ஜ் பந்தைக் காற்று கம்ப்ரசரால் தள்ளுவார்கள். நான் செய்வதில்லை, தண்ணீரால்தான் தள்ளுவேன். தண்ணீர் செலவாகிறது என்று திட்டு வாங்கியிருக்கிறேன். காற்றால் தள்ளுகிற இடத்தில் குழாய் வாய்க்கு நேரே தம்பி நிற்கக் கூடாது. வாயில் பந்து பிடிக்கும் கூடை மாட்டியிருக்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1996-இல் வந்த சட்டம், கட்டடச் செலவில் ஒரு சதவீதத்துக்குக் குறையாமல் மேல்வரி வாங்கி நல வாரியத்தில் போடச் சொன்னது. அதில் பதிய, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். நான் வருடம் முழுக்க வேலை செய்கிறேன். ஆனால் கொஞ்ச நாள் மாநில எல்லையான வாளையாருக்கு அந்தப் பக்கம், கொஞ்ச நாள் இந்தப் பக்கம். ஒரு அலுவலகத்தில் சான்றுகளைப் பார்த்துவிட்டு, "கோயம்புத்தூரில் செய்த நாட்களை எங்களால் எண்ண முடியாது" என்றார்கள். கோவையில் கட்டிய கட்டடத்துக்கு வாங்கிய மேல்வரியை யாராவது எண்ணாமல் விட்டார்களா? நான் அடித்த கான்கிரீட் எல்லைக் கோட்டைப் பார்த்தா இறுகியது? தம்பிக்கு 18 வயது முடிந்திருந்தால் இப்போதே ஒரே மாநிலத்து வேலைகளுக்குச் சான்றுகளை மாதாமாதம் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒப்பந்ததாரரைத் தேடிப்போனால் கிடைக்க மாட்டார்.

கடைசியாகச் சில்லறை விஷயங்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸைச் சொந்தக் காசில் வாங்கிக் கொடுங்கள். சைட்டில் கொடுப்பது யாரோ போட்டுக் கழற்றியதாக, இரண்டு அளவு பெரியதாக இருக்கும். பூட்ஸுக்குள் கலவை புகுந்தால் வேலை முடியட்டும் என்று இருக்காமல் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். ஈர சிமெண்ட் காரத்தன்மை உள்ளது. எரிவது தெரிய வருவதற்குள் தோல் வெந்திருக்கும். கண்ணில் பட்டால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவி, நேராக மருத்துவரிடம் போக வேண்டும். பம்ப் உரிமையாளர் யார் என்று விசாரித்து எழுதினால், எங்கள் பக்கத்து ஆள் என்றால் விசாரித்துச் சொல்கிறேன்.