சீரிஸ் 1 வாங்கலாமா, காத்திருக்கலாமா?

பிப்ரவரி நெருங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: இந்த வருஷம் என்னென்ன பேஸ்பால் கார்டு (வீரர் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை) வருகிறது, எதற்குப் பணம் எடுத்து வைப்பது? 2026 கொஞ்சம் விசேஷமான வருஷமும்கூட. டாப்ஸ் நிறுவனம் முதல் பேஸ்பால் கார்டு போட்டது 1951-ல். 75 ஆண்டு நிறைகிறது. அதனால் இந்த இதழ் முழுக்க கார்டு கேள்விகளுக்கே.

அக்கா, என் பத்து வயதுப் பெண் எங்கள் ஊர் பேஸ்பால் அணியான ரேஞ்சர்ஸ் ஆட்டம் ஒன்று விடாமல் பார்க்கிறாள். இப்போது கார்டு சேர்க்கவும் ஆரம்பித்துவிட்டாள். மாதத்துக்கு ஒரு புதுப் பெட்டியின் பெயரைச் சொல்கிறாள். வருஷம் முழுக்க எது எப்போது வரும்?
– ஒரு தந்தை, ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

பெயர்கள் மலைக்க வைத்தாலும் வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. பிப்ரவரி நடுவில் டாப்ஸ் சீரிஸ் 1, அந்த ஆண்டின் அடிப்படைத் தொகுப்பின் முதல் பகுதி. வசந்த காலத்தில் ஹெரிட்டேஜ். அதை ஒட்டி, இளம் வீரர்களுக்கான போமன். ஜூன் வாக்கில் சீரிஸ் 2. கோடையில் குரோம், ஆலன் & கின்டர். இலையுதிர் காலத்தில் போமன் குரோம், பிறகு சீசன் நடுவில் வந்தவர்களுக்கான அப்டேட். டிசம்பரில் போமன் டிராஃப்ட். நடுவே வரும் சின்னச் சின்ன வெளியீடுகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எல்லாம் ஒரே வீட்டுச் சரக்குதான்: டாப்ஸை 2022 ஜனவரியில் ஃபனாடிக்ஸ் வாங்கிக்கொண்டது, அணிச் சின்னங்களோடு மேஜர் லீக் கார்டு போடும் உரிமையும் அவர்களிடமே.

உங்கள் பெண்ணுக்கு நான் சொல்வது ஹெரிட்டேஜ். 49 வருஷத்துக்கு முந்தைய வடிவமைப்பை எடுத்து, அதில் இன்றைய வீரர்களை வைத்துத் தருகிற வெளியீடு அது. 2001-ல் தொடங்கியபோது 1952 வடிவம் வந்தது. இந்த ஆண்டு 1977-ன் முறை. அந்த வருஷத்துக் கார்டு ஒன்றை இப்போது மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். டெட்ராய்ட் டைகர்ஸ் பந்துவீச்சாளர் மார்க் ஃபிட்ரிச், எண் 265. மேலே அணியின் பெயர் பெரிய வண்ண எழுத்தில். வலது மூலையில் ஒரு குட்டிக் கொடி, அதற்குள் அவர் எந்த இடத்தில் ஆடுகிறார் என்ற குறிப்பு. படத்தின் குறுக்கே அச்சிட்ட கையெழுத்து. மிச்சமெல்லாம் படத்துக்கே விட்டுவிட்டார்கள். பந்தோடு பேசிக்கொண்டே வீசுவார் ஃபிட்ரிச். 1976-ல் 19 ஆட்டம் ஜெயித்து அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் ஆனார். அடுத்த வருஷமே முழங்காலில் அடிபட்டது. அந்த ஒரே கோடையின் சந்தோஷம் இந்தக் கார்டில் அப்படியே இருக்கிறது. இந்தக் கதையை உங்கள் பெண்ணுக்குச் சொல்லுங்கள். பிறகு அதே சட்டத்துக்குள் தன் ரேஞ்சர்ஸ் வீரர்களைப் பார்க்கும்போது அவளுக்கு அது வேறு மாதிரி தெரியும்.

ஒரு எச்சரிக்கை: ஹெரிட்டேஜில் 500 கார்டு. சில ஆண்டுகளாக 401 முதல் 500 வரை குறைவாக அச்சிடுகிறார்கள். முதல் 400-ஐ முடித்தால் போதும் என்று குழந்தையிடம் ஆரம்பத்திலேயே பேசி வையுங்கள்.

ஹாபி பாக்ஸ், பிளாஸ்டர் பாக்ஸ் என்கிறார்களே, என்ன வித்தியாசம்? எதை வாங்குவது?
– கே. வி., எடிசன், நியூ ஜெர்சி

ஹாபி பெட்டி கார்டுக் கடைகளில் கிடைப்பது. ஒரு ஆட்டோகிராஃப் அல்லது ஜெர்சித் துணி பதித்த கார்டு நிச்சயம் உண்டு என்பார்கள். பிளாஸ்டர், டார்கெட் வால்மார்ட் அலமாரியில் இருக்கிற சின்னப் பெட்டி; அதில் ஆட்டோகிராஃப் உத்தரவாதம் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். சென்ற ஆண்டு சீரிஸ் 1 மொத்தம் 350 கார்டு. ஹாபி பெட்டிக்குள் 20 பாக்கெட், பாக்கெட்டுக்கு 12 கார்டு, ஆக 240. ஒன்றுகூட இரட்டிப்பு வராவிட்டாலும் பெட்டி காலியாகும்போது நூற்றுப் பத்து கார்டு பாக்கி இருக்கும். கிடைப்பதிலும் ஒரு பகுதி, அதே கார்டை வண்ண ஓரம் போட்டுத் தரும் பாரலல், தனி வரிசைக் கார்டு என்று போய்விடும். இன்னொரு பெட்டி வாங்கினால் இரட்டிப்புதான் குவியும்.

செட் முடிக்க வேண்டுமென்றால் ஒரு பெட்டி உடையுங்கள், உடைக்கிற சந்தோஷத்துக்காக. மீதியைக் கார்டு ஷோவில் சில்லறையாகப் பொறுக்குங்கள். சாதாரணக் கார்டுகளைக் காசுக் கணக்கில் தருவார்கள். இல்லையா, கோடைக்குப் பிறகு முழு செட்டையும் ஒரே பெட்டியாக டாப்ஸே விற்கும், அதை வாங்குங்கள். ஆட்டோகிராஃப் ஆசைக்காக மட்டும் பெட்டி மேல் பெட்டி வாங்குவது லாட்டரிதான். அதிலும் நேரலையில் அந்நியர் ஒருவர் பெட்டி உடைக்க, அணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் ‘பிரேக்’ வேண்டவே வேண்டாம். வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அவர்கள் ஃபோனில் அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

அக்கா, ப்ளூ ஜேஸ் ஏழாவது ஆட்டத்திலை தோத்த கவலை இன்னும் போகேல்லை. எங்கட ட்ரே யெசாவேஜின்ரை ரூக்கி கார்ட் எப்ப வரும்? அர்ஜுன் நிம்மலாவின்ரை கார்ட் இப்பவே வாங்கி வைக்கலாமோ?
– ஒரு தம்பி, மார்க்கம், ஒன்டாரியோ

தம்பி, 2025 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் அந்தப் பதினோராவது இன்னிங்ஸை நானும் மறக்கவில்லை. ஆனால் அதற்கு முன் அக்டோபர் 29-ல், டாட்ஜர்ஸ் மைதானத்திலேயே, ஐந்தாவது ஆட்டத்தில் உங்கள் பந்துவீச்சாளர் யெசாவேஜ் ஒருவருக்கும் ‘வாக்’ (இலவசமாக முதல் தளம்) கொடுக்காமல் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தாரே! உலகத் தொடரில் எந்தப் புதுமுகமும் அதற்கு முன் அத்தனை பேரை வீழ்த்தியதில்லை. வருஷ ஆரம்பத்தில் ஒற்றை ஏ என்ற கீழ்நிலை லீகில் கிடந்த பையன்.

இங்கே இரண்டு முத்திரைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேஜர் லீகில் ஆடிய பிறகு வருவது ‘ஆர்.சி.’ என்ற ரூக்கி (புதுமுகம்) முத்திரை. 2006 முதல் இந்த வழக்கம். யெசாவேஜ் 2025 செப்டம்பரில் அறிமுகமானவர், ஆகவே அவருடைய ரூக்கி கார்டுகள் 2026 வெளியீடுகளில். ‘ஃபர்ஸ்ட் போமன்’ என்பது வேறு: இன்னும் மேலே வராத இளைஞர்களுக்குப் போமன் கொடுக்கும் முதல் கார்டு.

நிம்மலா இந்த இரண்டாவது வகை. தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை, ஃப்ளோரிடாவில் வளர்ந்தவர். 2023-ல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 20-வது ஆளாக டொராண்டோ எடுத்தது. அடுத்த வருஷம் அதே 20-வது இடத்தில்தான் யெசாவேஜையும் எடுத்தார்கள். நிம்மலாவின் சாதாரணக் கார்டு ஒன்றை ஆசையாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கோ, அதில் தப்பில்லை. ஆயிரக்கணக்கில் போடாதேங்கோ. 2010-ல் பந்துவீச்சாளர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் களமிறங்கும் முன்பே அவருடைய ஒரே ஒரு பிரதி உள்ள போமன் சூப்பர்ஃப்ராக்டர் கார்டு 16,000 டாலரைத் தாண்டி விலைபோனது. ஜூனில் முதல் ஆட்டத்தில் 14 ஸ்ட்ரைக் அவுட், ஊரே கொண்டாடியது. ஆகஸ்டில் முழங்கைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை. மனிதர் மீண்டு வந்து 2019 உலகத் தொடரின் மிகச் சிறந்த வீரரானார், அது அவருடைய உழைப்பு. ஆனால் பந்துவீச்சாளரின் கை எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு ப்ளூ ஜேஸ் செய்தி: ஜப்பானிலிருந்து காஸுமா ஒகமோட்டோ வந்து சேர்ந்திருக்கிறார். அவருக்குக் கார்டு சீரிஸ் 2-ல் தேடுங்கோ என்பது என் கணிப்பு. 2017 டிசம்பரில் ஒப்பந்தமான இன்னொரு ஜப்பானிய வீரர் ஓடானி அப்படித்தான் 2018 சீரிஸ் 2-ன் கடைசிக் கார்டாக, எண் 700-ல் வந்தார்.

வெளியீட்டுக்கு முன்பே பணம் கட்டினால் விலை குறைவு என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். முன்னோட்டப் படங்களும் அனுப்பியிருக்கிறார். நம்பலாமா?
– எஸ். ஆர்., ஃப்ரிமான்ட், கலிஃபோர்னியா

அந்தப் படங்கள் மாதிரிப் படங்கள். ‘மாறுதலுக்கு உட்பட்டது’ என்று அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். படத்தில் கையெழுத்துப் போட்டிருக்கும் வீரர் உண்மையில் அந்தப் பெட்டியில் இருக்கிறாரா என்பது கார்டுகளின் முழுப் பட்டியலான செக்லிஸ்ட் வந்தால்தான் தெரியும். அது வெளியீட்டுக்குச் சில நாள் முன்புதான் வரும்.

முன்னோட்டத் தாளில் நான் ஆட்டோகிராஃப் படத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில், பெட்டிக்கு எத்தனை பாக்கெட், பாக்கெட்டுக்கு எத்தனை கார்டு. போன வருஷத்தைவிடக் குறைந்திருக்கிறதா? அடுத்து, உத்தரவாதம் என்று எதைச் சொல்கிறார்கள்: ‘ஆட்டோகிராஃப்’ என்பதற்கும் ‘ஆட்டோகிராஃப் அல்லது ரெலிக்’ (ஜெர்சித் துணி பதித்த கார்டு) என்பதற்கும் நிறைய தூரம். பிறகு பாரலல்கள். தங்க ஓரக் கார்டு 2001 முதல் அந்தந்த ஆண்டின் எண்ணிக்கையில் வருகிறது, 2025-ல் 2025 பிரதி. பத்து, ஐந்து, ஒன்று என்று குறையும் வண்ணங்கள் எத்தனை கூடியிருக்கின்றன என்று எண்ணுங்கள். வண்ணம் கூடக்கூட ‘அபூர்வம்’ என்ற சொல்லின் எடை குறைகிறது. இந்தப் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

ரிடெம்ப்ஷனும் உண்டு. வீரர் கையெழுத்துப் போட்டு அனுப்பத் தாமதமானால், கார்டுக்குப் பதில் ஒரு குறியீட்டுச் சீட்டு பாக்கெட்டில் இருக்கும். அதைப் பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சீட்டில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், கவனம்.

தனிக் கார்டு வேண்டுமென்றால் வெளியீடு முடிந்து இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். எல்லோரும் பெட்டி உடைத்து விற்க வந்த பிறகு விலை பெரும்பாலும் இறங்கும். முன்பணம் இந்தத் தடவை வேண்டாம்.

சீரிஸ் 1 வாங்கினால் போதாதா? அப்டேட் வரும்போது சீசனே முடிந்துவிடுகிறதே.
– எம். பி., சார்லட், வட கரோலினா

சீசன் முடியும்போது வரும் கார்டை அலட்சியம் செய்ததுதான் இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பெரிய கதை. 1952 டாப்ஸ் செட்டில் 407 கார்டு. 311-லிருந்து கடைசிவரை உள்ள தொகுதி தாமதமாக வந்தது. அதற்குள் பிள்ளைகளின் கவனம் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விட, கடைக்காரர்கள் வாங்கவில்லை. விற்காத பெட்டிகள் புரூக்ளின் கிடங்கில் தூங்கின. 1960-ல், செட்டை வடிவமைத்த சை பெர்கரே அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டச் செய்தார். 311-ம் எண் யாங்கீஸ் நட்சத்திரம் மிக்கி மேன்டில். எஞ்சியவற்றில் ஒன்று 2022 ஆகஸ்டில் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

அப்டேட்டுக்கு வருகிறேன். 2011 ஜூலையில் மைக் ட்ரௌட் அறிமுகமானார். அந்த வருஷம் 40 ஆட்டத்தில் அவருடைய அடிச் சராசரி .220 மட்டுமே. சீரிஸ் 1, 2 இரண்டிலும் அவருக்கு இடமில்லை. அப்டேட்டில் யுஎஸ்175 என்ற எண்ணில் வந்தார். அந்தப் பெட்டிகளை யாரும் தேடி ஓடவில்லை. இன்று அந்தப் பத்தாண்டின் மிக முக்கியமான ரூக்கி கார்டு எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். சீசன் நடுவில் வருபவர்களுக்கு அப்டேட்தான் வாசல், விட்டுவிடாதீர்கள்.

ஆன்ட்டி, எனக்கு டெப்யூ பேட்ச் கார்டு கிடைக்குமா?
– ஒன்பது வயது வாசகர், இர்வைன், கலிஃபோர்னியா

கண்ணா, முதல் ஆட்டத்தில் வீரர் போட்டிருந்த சட்டையின் கையில் இருக்கும் சின்னத் துணியை (பேட்ச்) எடுத்துக் கார்டில் வைக்கிறார்கள். ஒரு வீரருக்கு ஒன்றே ஒன்று. பைரேட்ஸ் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸின் அந்தக் கார்டு 2024 குரோம் அப்டேட்டில், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பதினோரு வயதுப் பையனுக்குக் கிடைத்தது. அதற்குப் பதிலாக 30 வருஷ சீசன் டிக்கெட் தருவதாக பைரேட்ஸ் அணி சொன்னது. ஏலத்தில் 11 லட்சம் டாலருக்கு மேல் போனது. உனக்கும் வரலாம், ஆனால் அதை எதிர்பார்த்து உண்டியலைக் காலி செய்யாதே. உனக்குப் பிடித்த ஒரு வீரரைத் தேர்ந்தெடு. வருஷா வருஷம் அவருடைய சாதாரணக் கார்டு ஒன்று வாங்கு.

அமெரிக்காவிலிருந்து தம்பி அனுப்பிய குரோம் கார்டெல்லாம் வில் மாதிரி வளைகிறது. என்ன செய்ய?
– ஒரு வாசகி, திருவான்மியூர், சென்னை

ஈரப்பதம்தான் காரணம். அட்டையும் மேலிருக்கும் பளபளப்புப் படலமும் ஒரே அளவில் விரிவதில்லை. கடலோரக் காற்றில் சீக்கிரம் வளையும். ஒவ்வொன்றையும் முதலில் மெல்லிய உறையில் போடுங்கள், பிறகு டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறையில். எல்லாம் இரண்டரைக்கு மூன்றரை அங்குலம்தான், உறை சுலபமாகக் கிடைக்கும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு அடுக்கி, நெருக்கமாக நிற்க வையுங்கள். மழை படும் சுவரை ஒட்டிய பரண் வேண்டாம், உள்ளறை பீரோ நல்லது. ரப்பர் பேண்ட் மட்டும் போடவே போடாதீர்கள். வெயிலில் வைத்து நிமிர்த்தவும் வேண்டாம், மை வெளுத்துவிடும்.